பிரான்ஸ் தண்ணீர்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டை விட்டு மட்டும் பிரெஞ்சு போகவில்லை. மில்லில் வேலை பார்த்த என் கணவர் சின்ன வயதில் கொஞ்ச காலம் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அந்தப் பெருமையில் தீப்பெட்டியின் மேல் இருப்பதைக்கூட எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

அப்போதுதான் எங்களுக்கு முதல் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பால் குடித்தாள். கிளம்பும்போது நர்ஸ், ஒவ்வொரு முறையும் மார்பைச் சுத்தமான தண்ணீரில் துடைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். எங்கள் தெருக் குழாயிலோ கலங்கல் தண்ணீர். என்ன செய்வது என்று விழித்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனிலிருந்து திரும்பிய மாமா, குழந்தையைப் பார்க்க வந்தபோது கொடுத்த பாட்டிலை என் கணவர் எடுத்துவந்தார். அதில் எழுதியிருந்த முதல் வார்த்தையைத் தொட்டுக் காட்டினார். "ஓ-ன்னா தண்ணி. இது பிரான்ஸ் தண்ணி. இதவிட சுத்தம் எங்க கெடைக்கும்?"

வாசனை வருகிறதே என்றேன். அந்த ஊரில் தண்ணீரே அப்படித்தான் என்றார். துடைத்தால் சுரீரென்று எரிந்தது. சுத்தம் என்றால் எரியத்தான் செய்யும் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை. கிட்டே கொண்டுபோனாலே மூக்கைச் சுளித்து, வில்லாக வளைந்து வீறிட்டாள். சங்கில் புகட்டிய பசும்பாலையும் பாதிக்கு மேல் கக்கினாள். பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக வந்திருந்த நாத்தனார், மாசமாக இருந்தபோது நான் தின்ற பலாச்சுளையில் ஆரம்பித்து என் பிறந்த வீடு வரைக்கும் குறை சொன்னார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார், வேப்பிலை அடித்தார். எனக்கோ பால் கட்டிக் காய்ச்சல். குழந்தையின் தொடை வற்றிக்கொண்டே வந்தது. பெற்ற பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லையே என்று அழுதேன்.

ஒருநாள், அந்த ஓயாத அழுகையில் நாத்தனாருக்கே தலைவலி வந்துவிட்டது. என்னைக் கேட்காமலே அந்தப் பாட்டிலை எடுத்து நெற்றியிலும் கன்னத்திலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டார். பிறகு குழந்தையைத் தூக்கி முகத்தோடு அணைத்தார். எப்போதும் அவர் தோளில் சமர்த்தாகத் தூங்குகிறவள், மூக்கைச் சுளித்து, வில்லாக வளைந்து, என்னிடம் கத்துவதைப் போலவே கத்தினாள்.

அதுவரை அறை முழுக்க இருந்த சாம்பிராணிப் புகையில் அவர் மூக்குக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. நாத்தனார் வந்து கூச்சமே இல்லாமல் என் மார்பை மோந்து பார்த்தார்.

"இன்னாடி இது, என் நெத்தியும் உன் மாரும் ஒரே வாசனையா கீது?"

பிரான்ஸ் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். "அது தண்ணி இல்லடி, தலவலிக்குத் தேய்க்கிற ஓடிகோலன் சென்ட்டு!" என்றவர், வெந்நீர் வைத்து என்னைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஈரத் தலையோடு குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி மோந்தாள். பிறகு கப்பென்று பிடித்துக்கொண்டாள். அவள் உறிஞ்சிய சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். நான் அழுதேன், என்னைத் திட்டித் தீர்த்த நாத்தனாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த தம்பியிடம் பாட்டிலை நீட்டிச் சொன்னார்: "உன் பொண்ணுக்கு பிரெஞ்சு தெரியாதுடா."

அந்தப் பெண் இப்போது இருப்பது பிரான்ஸில்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு விலை உயர்ந்த சென்ட் வாங்கி வருகிறாள். அதைக் கையில் கொடுத்த மறுநிமிஷமே "அம்மா வாசனை" என்று என் கழுத்தில் முகம் புதைத்துக்கொள்கிறாள். அதனால் அவள் வரும் நாளில் மட்டும் நான் பவுடர்கூடப் பூசிக்கொள்வதில்லை. அவளுக்கு வேண்டியது வெறும் நான்தான் என்பதை, பேச்சு வராத வயதிலேயே பட்டினி கிடந்து சொன்னவள் அவள்.