என் ஆண்டவர் மேல் ஒரு பிராது

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் பங்குச் சாமியாராக இருந்தேன். நேர்ச்சைகளைத் திட்டிப் பிரசங்கம் வைப்பதில் எனக்கு நிகர் நானே. "புள்ள பாஸானா மெழுகுவத்தி, மாடு கன்னு போட்டா கோழி! ஆண்டவர் என்ன சந்தையிலயா கடை போட்டிருக்கார்?" என்று பீடத்திலிருந்து கத்துவேன். சனங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். பூசை முடிந்ததும் நேராகப் போய் மெழுகுவத்தி கொளுத்துவார்கள்.

ஒரு கோடையில் எனக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கப் போட்டுவிட்டு, "இனிமே வூட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பக்கத்துப் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்தார். நெற்றியில் அந்த எண்ணெய் பட்டால் ஆள் அவ்வளவுதான் என்பது எங்கள் சனங்களின் அசைக்க முடியாத விசுவாசம். செராமிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் ஷிப்டு விட்டதும் வரிசையாக வந்து, என் கால்மாட்டில் நின்று அழுதார்கள். ஆளுக்கொரு ஜாடியில் கஞ்சி வேறு. எல்லாம் சூளையில் கோணிப்போன ஜாடிகள். ஒன்றாவது நேராக நிற்க வேண்டுமே! கட்டிலுக்கடியில் கஞ்சி ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கோயிலில் பாடகர் குழு எதையோ பாடிப் பழகுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. காது கொடுத்தேன். அடக்கப் பாட்டு. எனக்குத்தான். கோயில் காரியங்களில் எனக்குக் கைகொடுக்கிற எங்கள் உபதேசியார் எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற மனிதர். சரி, தொலையட்டும் என்று படுத்திருந்தேன். ஆனால் இரண்டாவது அடியில் சுருதி ஒரு முழம் இறங்கிவிட்டது. பொறுக்கவில்லை. "இந்தப் பாட்டுக்கெல்லாம் நான் சாவ மாட்டேன், போங்கடா!" என்று கத்தினேன். பாட்டு சட்டென்று நின்றது. அன்று மாலையே ஜுரம் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் மருந்து என்றார். உபதேசியார் பாட்டு என்றார்.

உடம்பு தேறிவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. ஜுரம் கொதித்த நாட்களில், "இத்தனை வருஷம் உமக்கு உழைச்சேனே, இதுதானா நீர் காட்டுற நன்றி?" என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்தேன். ஜுரம் போனது, கோபம் போகவில்லை. பூசை வைத்தேன், பிரசங்கம் வைத்தேன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். வாய் சொல்லிற்று, உள்ளே காலிப் பானை. காலமெல்லாம் இப்படியே நடிக்க வேண்டியதுதானா என்று பயமாக இருந்தது. சாவுக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உபதேசியார் வந்து மென்று விழுங்கினார். "சாமி, கோவப்படக் கூடாது. நம்ம சமையல்காரரு பக்கத்தூரு முருகன் கோயில்ல பிராது கட்டியிருக்காராம்."

அந்தக் கோயிலில் வழக்கம் அது. யார் மேல் என்ன குறை என்று காகிதத்தில் எழுதி, பூசை செய்து, அங்கேயுள்ள சூலத்தில் கட்டிவிட வேண்டும். முருகன் விசாரித்துத் தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும். இந்துக்கள் கட்டட்டும், எனக்கென்ன? என் சமையல்காரர் மூன்று தலைமுறைக் கத்தோலிக்கர்! எங்கள் மாதா கோயில் மணி அடிப்பவரும் அவர்தான்!

அடுப்படிக்குப் பாய்ந்தேன். இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் ரகசியமாகச் சொல்லியிருந்தால் இப்போது நான் வாயைத் திறக்க முடியாது. நல்லவேளை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"யார் மேலய்யா பிராது?"

"நம்ம ஆண்டவரு மேலதான் சாமி."

"என்னது!"

"மொதல்ல மாதாகிட்டதான் சொல்லிப் பாத்தேன். பெத்த புள்ளய அவங்க வுட்டுக்குடுப்பாங்களா? அதான் வெளியாளா பாத்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆயர் காதுக்குப் போனால் என் கதி என்ன? "அதான் பொழைச்சுட்டேன்ல? நாளைக்கே போய் வாபஸ் வாங்கிட்டு வாய்யா!"

"முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"பிராது உங்க உடம்புக்கு இல்லீங்க." கத்தியைக் கீழே வைத்தார். "'எங்க சாமியாரு ஜெபம் சொல்றத வுட்டுட்டாரு. அவரு கோவத்தத் தீத்து வெக்காம ஆண்டவரு சும்மா இருக்குறாரு'ன்னு எழுதியிருக்கேன். உங்க ஜெபமாலையில கட்டுன ஒட்டடை இன்னும் அப்படியேதான இருக்குது? வழக்கு முடியாம எப்படிங்க வாபஸ் வாங்குறது?"

ஊரை ஏமாற்றினேன், ஆயரை ஏமாற்றினேன், வெங்காயம் உரிக்கிற மனிதரை ஏமாற்ற முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் ஒருத்தர் கவனித்துக் கவலைப்பட்டிருக்கிறாரே என்று அழுகையும் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம், யாரும் இல்லை என்று பார்த்து, கோயிலுக்குள் போய்ப் பீடத்துக்கு முன்னால் நின்றேன். மண்டியிடவில்லை, வீம்பு.

"உம்ம மேல கேஸ் போட்டிருக்காங்க, தெரியுமா?" என்றேன்.

மூன்று மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். சொன்னதும் சிரிப்பு பீறிட்டது. சிரித்தேன், திட்டினேன், அழுதேன், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். முழங்கால் எப்போது தரையில் பட்டதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை டீ வரவில்லை. கோபத்தோடு அடுப்படிக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்காமலே கிடந்தது. சமையல்காரர் வாபஸ் வாங்க முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாராம்.