முன்சீட்டில் கட்டிய தோர்த்து

பள்ளிக்கூட வேலையாக மதராஸுக்குப் போக வேண்டியிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ரிட்டன் டிக்கெட் எடுத்தேன். திரும்பி வரும் நாளுக்கும் இப்போதே இடம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் சொன்னார்: "டிக்கெட் பிரயாணத்துக்கு சார். இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் தனியா எழுதணும்."

எனக்குப் பின்னால் நின்றவர், "அப்ப நிக்கிறதுக்குத்தான் துட்டு வாங்குதியளோ?" என்று முணுமுணுத்தார். அந்த விதி எனக்குப் புதிதல்ல. அதை நான் கற்றது ரயிலில் அல்ல; எங்கள் நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. வடசேரி பஸ் செட்டில், என் மனைவி நோயாளியாக இருந்த வருஷம் கற்றேன்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குப் பதிலாகக் கணக்குப் பாடம் எடுக்க இன்னொரு வாத்தியாரை ஏற்பாடு செய்தேன். அந்த வழியில் ஓடிய பஸ் கம்பெனி ஒன்று, அடிக்கடி போகிறவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் விற்றது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் போதும். நான் ஒன்று வாங்கினேன்.

புத்தகம் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில், முதல் செவ்வாயன்று காலையில் நேராகப் போய் நின்றோம். பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே உள்ள பலகைதான் கிடைத்தது. கப்பிக்கல் பரப்பிய சாலை. பார்வதிபுரம் தாண்டுவதற்குள் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தக்கலை வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. குலுக்கல் குறைவான இடம் டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள முன்சீட்டு ஒன்றுதான்.

மறுநாள் பஸ் கம்பெனி ஏஜெண்டிடம் முறையிட்டேன்.

"புத்தகம் சவாரிக்கு வே. எடத்துக்கில்ல" என்றார் அவர். "முன்சீட்டு வேணும்னா ஊர்வழக்கம் தெரியாதா? முந்தின நாள் சாயங்காலமே வந்து கெட்டிட்டுப் போகணும்."

ஊர்வழக்கம் எனக்குத் தெரியாதுதான். அதுவரை பஸ்ஸில் போக வேண்டிய தேவை அதிகம் வந்ததில்லை. காலையில் முதலில் புறப்படும் வண்டி ராத்திரி முழுவதும் செட்டில் நிற்கும். இடம் வேண்டியவர்கள் சாயங்காலமே போய், தங்கள் துணியை இருக்கையின் கம்பியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காவல் கிடையாது, ரசீது கிடையாது. ஒருவன் கட்டியதை இன்னொருவன் அவிழ்க்கமாட்டான். அவிழ்ப்பது அடுத்தவன் வயல் வரப்பை வெட்டுவதற்குச் சமம்.

அன்றுமுதல் திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வடசேரிக்கு நடந்தேன். அவளுடைய ஈரிழைத் தோர்த்துதான் அடையாளம். குளித்துத் தலை துவட்டுகிற மெல்லிய துண்டு. வண்ணானிடம் மாறிப்போகாமலிருக்க அவளே ஒரு மூலையில் சிவப்பு நூலால் பூ ஒன்று தைத்திருந்தாள்.

முன்சீட்டுக்கு வேறொரு பங்காளியும் இருந்தார். குழித்துறையில் பாக்கு வியாபாரி. வடசேரிச் சந்தைக்கு வந்து தங்கி, செவ்வாய் காலை அதே வண்டியில் ஊர் திரும்புகிறவர். நாங்கள் வருவதற்கு முன்பு அந்த இடம் பல காலமாக அவருடையது. அவர் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு செவ்வாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சாறே, இந்த முன்சீட்டு ஒமக்க குடும்பச் சொத்தாக்குமா? வாரம் தவறாம கெடக்கே தோர்த்து."

என்னை அவள் முந்திக்கொண்டாள்.

"சொத்துதான் அண்ணாச்சி. வேணும்னா எழுதி வாங்கிக்கிடுங்க. கூட எனக்க வயித்து நோவையும் சேத்து எழுதித் தாறேன்."

வண்டியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வியாபாரி சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தம் சாக்கை எடுத்துக்கொண்டு பின்பலகைக்குப் போனார். அதன் பிறகு அவர் முன்சீட்டைக் கேட்டதில்லை. நாங்கள் வரக் கண்டால், "வழி விடுங்கடே, தங்கச்சிக்கு சிம்மாசனம் ஒழிஞ்சு கெடக்கு" என்பார். டிரைவரிடம், "பையப் போடே, ஒனக்கு என்ன, தேரா ஓட்டுக?" என்று பின்னாலிருந்தே சத்தம் போடுவார். குழித்துறையில் இறங்கும்போது சில நாள் அவள் மடியில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துவிட்டுப் போவார். அவள் வெற்றிலை போடுவதில்லை. வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

மழைக்காலம் முடியும்போது அவள் உடம்பில் பாதிதான் மிஞ்சியிருந்தது. பஸ் செட்டுக்கு நடக்க முடியவில்லை, வில்வண்டி வைத்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. அவளிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசித் திங்கட்கிழமை அவள் கஞ்சியும் குடிக்கவில்லை. இந்த வாரம் போகவேண்டாம், நான் மட்டும் போய் மருந்து வாங்கி வருகிறேன் என்றேன்.

"நாளைக்கு முடியும்" என்றாள். "நீங்க போய் கெட்டிட்டு வாங்க. பொறவு வேற யாராவது கெட்டிருவா."

போய்க் கட்டினேன். இரட்டை முடிச்சு போட்டேன். விடியுமுன் அவள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வீடு நிறைய ஆட்கள். போதகர் வந்தார், ஜெபம் நடந்தது, பிற்பகலில் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். எதையும் மறக்காதவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, பஸ் நினைவும் தோர்த்து நினைவும் வரவேயில்லை.

மறுநாள் காலை வாசலில் பாக்கு வியாபாரி நின்றார். செய்தியை வடசேரியில் இறங்கிய பிறகுதான் கேள்விப்பட்டிருக்கிறார். கையில் தோர்த்து, நாலாக மடித்தபடி இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஹாரன் அடிச்சுப் பாத்தோம் சாறே. ஆளக் காணல. ரொக்கம் தாற ஆளு ஒருத்தன் நிக்கான், அவன முன்னால இருத்துன்னு ஏஜெண்டு சொன்னான். கெட்டு கெடக்குல்லா, அதுல எப்பிடி இருத்தலாம்னு கேட்டேன். வழியில எங்கயாவது கை காட்டி ஏறுவியன்னு நெனச்சோம். பார்வதிபுரத்துல டிரைவர் நிறுத்திப் பாத்தான். தக்கலையில ஒரே நெருக்கடி, ஆளுவ தொங்கிட்டு வந்தாவ. ஆனா ஒருத்தனும் அதுல இருக்கல்ல. நான் குழித்துறையில எறங்குறப்போ, திருவனந்தபுரம் வரைக்கும் சும்மாவே கெடக்கட்டும்னு டிரைவர்ட்ட செல்லிட்டு எறங்கினேன். அப்படித்தான் போச்சு."

மடித்த தோர்த்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சாயங்காலம் வண்டி திரும்பி வாறப்போ குழித்துறையில நின்னு பாத்தேன். அப்பவும் கம்பியில கெடக்கு. ராத்திரி செட்டுல கெடந்து யாராவது கழுவத் துடைக்க எடுத்துரக் கூடாதேன்னு நான்தான் அவுத்தேன். அடுத்தவங்க கெட்டினத நான் இதுவரைக்கும் தொட்டதில்ல. தப்பா எடுக்கக்கூடாது."

தோர்த்தை வாங்கிக்கொண்டேன். முடிச்சு இருந்த இடம் இன்னும் திருகியபடியே இருந்தது.

அவர் படியிறங்கினார். இறங்கிய பின் திரும்பி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அடுத்த செவ்வாய்க்கு அந்த எடத்துல வேற யாரும் கெட்டலாம்னு ஏஜெண்டுக்கிட்ட செல்லட்டா? இல்லேன்னா ஒங்க எடம்னு நெனச்சு ஒருத்தரும் கெட்டமாட்டாவ."

முந்தின நாளிலிருந்து எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், எல்லோருக்கும் தலையசைத்திருந்தேன். இதற்குத் தலையசைக்க முடியவில்லை. அவர் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிருங்க" என்றேன்.