எஸ்கோட் போன பின்னேரம்

தாதிப் பயிற்சியில் எங்களுக்குப் பாடம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதில் இரண்டு சொற்களை எங்கள் ஆசிரியை ஒருபோதும் குழப்ப விடமாட்டார். ஒன்று அக்கம்பனி, மற்றது எஸ்கோட். "அக்கம்பனி எண்டால் சும்மா கூடப்போறது. எஸ்கோட் அப்பிடியில்லை. ஆளைக் கொண்டுபோய் இன்னொருத்தற்ற கையில ஒப்படைக்குமட்டும் நீங்கள்தான் பொறுப்பு" என்பார்.

ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறிய ஆசுபத்திரி ஒன்றுக்கு நான் வேலைக்கு வந்தபோது அந்தச் சொல் அங்கே தினமும் புழங்கியது. நோயாளியைப் பெரியாசுபத்திரிக்கு மாற்றும்போது அம்புலன்ஸில் ஒரு தாதி கட்டாயம் போகவேண்டும். "எஸ்கோட் ஆர் வாறது?" என்று சாரதி வாசலில் நின்று சத்தம் போடுவார். மற்றத் தாதிகள் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வண்டி வெளிக்கிட்டபின் முடிவெடுப்பது நான்தான் என்பது எனக்குப் பிடித்திருந்தது. பிரசவ அறையில் வேலை செய்த அனுபவமும் இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், முதல் பிள்ளை வயிற்றில் இருந்த ஒரு பெண்ணை அவளது தாய் ஓட்டோவில் கூட்டிவந்தார். பெண்ணுக்கு வலி தொடங்கியிருந்தது. இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் உடனே முல்லைத்தீவுப் பெரியாசுபத்திரிக்கு அனுப்பும்படி டொக்டர் சொன்னார். அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்தோம். சாரதி வழக்கம்போலக் கேட்டார்: "எஸ்கோட் ஆர்?"

தாய் கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எஸ்கோட்டோட என்ர பிள்ளையை அனுப்பமாட்டன். இஞ்சையே பெறட்டும்."

மகள் வலியோடு, "அம்மா, விடுங்கோவன்" என்றாள். அவர் விடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கம்பியிலிருந்து அந்தக் கைகளைப் பிரிக்க மனம் வரவில்லை. கிட்டப்போய், "ஏனம்மா?" என்று கேட்டேன்.

சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து வவுனியா ஆசுபத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். துவக்கோடு ஓர் ஆமிக்காரன் வண்டியில் ஏறினான். அவன்தான் எஸ்கோட் என்றார்கள். ஆசுபத்திரி வாட்டிலும் கட்டில் காலடியில் அவன் இருந்தான். அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த இந்த மகளைக் கூட்டிப்போக விடவில்லை.

"நான் திரும்பி வருமட்டும் இவள் முள்ளுக்கம்பிக்குப் பக்கத்தில நிண்டு அழுதவளாம். அந்தச் சொல்லை என்னால கேக்கேலாது, மிஸ்ஸி."

"அம்மா, இதில எஸ்கோட் நான்தான். என்னை நல்லாப் பாருங்கோ."

அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"துவக்கு இல்லையோ?"

"பிறஸர் பாக்கிற மெசின்தான் இருக்கு. துணைக்கு வாறதைத்தான் இவையள் அப்பிடிச் சொல்லுகினம்."

"அப்ப நான்?"

"நீங்கள் வராட்டி ஆர் அவாவின்ர கையைப் பிடிக்கிறது? ஏறுங்கோ."

கம்பியை விட்டுவிட்டு எனக்கு முன்னாலேயே வண்டிக்குள் ஏறிவிட்டார்.

பாதி வழி போயிருப்போம். இரண்டு பக்கமும் காடு இருக்கும் இடத்தில் வண்டி நின்றது. "மிஸ், ஆனை நிக்குது" என்றார் சாரதி, மெல்லிய குரலில். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனியன். றோட்டுக்குக் குறுக்கே நின்று புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டிக்கொண்டிருந்தது. சாரதி வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். ஹோர்ன் அடிக்கவில்லை. அதுதான் சரி.

ஆனால் உள்ளே பிள்ளை காத்திருக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்தேன், தலை தெரிந்தது.

"இஞ்சை வைச்சுத்தான் பிறக்கப்போகுது. எல்லாம் என்னட்டை இருக்கு. நான் சொல்லேக்க மட்டும் முக்குங்கோ, தங்கச்சி."

சொல்லும்போதே அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. கையுறை, கத்தரிக்கோல், தொப்புள்கொடிக்குக் கிளிப், துவாய் எல்லாவற்றையும் வெளிக்கிடமுன் நானே பார்த்து எடுத்து வைத்திருந்தேன். தாய் மகளின் தலைமாட்டில் முழங்காலில் இருந்து அவளது தோளைத் தாங்கிக்கொண்டார். யானையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ர குஞ்செல்லே, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெண்பிள்ளை. வழுக்கிக்கொண்டு என் கைக்குள் வந்தது. ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. முதுகைத் துவாயால் அழுத்தித் துடைத்தேன். பிறகு கத்தியது பாருங்கள், முன்னால் இருந்த சாரதி "ஐயோ, ஆனைக்குக் கேக்கப்போகுது" என்று பதறினார். பெண்ணின் தாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிள்ளையைப் பெற்றவளின் நெஞ்சில் போட்டு மூடிவிட்டு மறுபடி அவளது அழுத்தம் பார்த்தேன். இன்னும் கூடத்தான் இருந்தது. தாமதிக்க முடியாது. நல்லவேளையாக யானை அலுத்துப்போய்க் காட்டுக்குள் இறங்கியது. சாரதி ஒரே ஓட்டமாக ஓட்டினார்.

முல்லைத்தீவில் வாட்டுக்குப் பொறுப்பான தாதியிடம் நடந்ததை எல்லாம் சொல்லி இருவரையும் ஒப்படைத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் பெண்ணின் தாயை வெளியே நிற்கச் சொன்னார்கள். முகாமில் நடந்ததை அந்தத் தாதியிடம் தனியாகச் சொன்னேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, பெண்ணின் தாயை அதில் இருத்தினார். மருந்தில் அழுத்தம் இறங்கி, கொஞ்ச நாளில் மூவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு ஒருநாள் பிள்ளைக்கு ஊசி போட எங்கள் ஆசுபத்திரிக்கு வந்தபோது, வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த அம்மம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தார். யானை ஒரு கூட்டமாகியிருந்தது. சாரதி இறங்கி ஓடியிருந்தார். நான் பிள்ளையை ஒரு கையிலும் யானையை மறுகையிலும் பிடித்திருந்தேன்.

"அப்பிடியோ மிஸ்ஸி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஓம், அவா நேரில நிண்டு பாத்தவாதானே" என்றேன். பிள்ளையின் தொடையைத் துடைத்து ஊசியைப் போட்டேன். நல்ல கொழுத்த தொடை.