அப்பா வெட்டிய பக்கம்

கியா பார்ம் என்ற எங்கள் மலையூருக்குப் பின்னால், ஓடையை மறித்து அப்பா ஒரு மண் அணை கட்டியிருந்தார். எங்கள் முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு அந்தத் தண்ணீர்தான். அணைக்குக் கீழே அத்தையின் வீடு. "என் தலைக்கு மேல தண்ணிய கட்டி வச்சிருக்கான்" என்று அத்தை எல்லோரிடமும் சொல்லப்போய், அக்காளும் தம்பியும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. நானும் அங்கே போகக்கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் மழை ஓய்ந்த காலையில், அணையின் அடியில் கசியும் தண்ணீரில் காகிதக் கப்பல் விடப் போனேன். எப்போதும் தெளிவாக ஓடும் கசிவு அன்று கலங்கி வந்தது. கப்பல் அழுக்காகிவிட்டது என்று அப்பாவிடம் புகார் சொன்னேன்.

"தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

"தே தாரேக் மாதிரிப்பா, பால் தேத்தண்ணி கலர்ல."

அப்பா பசியாறிக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டு எழுந்தார். அணைக்குள் மண் கரைகிறது, குளத்தை வடிக்காவிட்டால் உடைந்துவிடும் என்று கத்திக்கொண்டே மண்வெட்டியோடு ஓடினார். அம்மா அத்தைக்கு போன் போட்டாள். அத்தை எடுக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஓடு! அத்தை வீட்டுல எல்லாரையும் ரோட்டுக்கு ஏறி வரச் சொல்லு!"

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை தன் பிள்ளைகள் இருவரையும் என்னோடு ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளும் ஒரு மண்வெட்டியோடு அணைக்கு ஏறினாள்.

அப்பா அணையின் இடது ஓரத்தில், மலையின் கெட்டி மண்ணில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் நின்று வெட்டினாள். கடைசியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு, அடுத்த வாரம் அறுக்க வேண்டிய எங்கள் பாத்திகளின் மேலே பாய்ந்தது. மதியத்துக்குள் குளம் பாதியானது. கசிவும் நின்றது.

அப்பா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னது சரிதான்லா, அக்கா."

"எந்திரிடா. வந்து சோறு தின்னு."

அன்று எல்லோரும் அத்தை வீட்டில் சாப்பிட்டோம். அப்பா சிரித்துச் சிரித்துப் பேசினார். எனக்கு மட்டும் ஆற்றாமை. வலது ஓரத்தில் இளமண். அங்கே வெட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், கோஸும் தப்பியிருக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் பாயும் வழியில் அத்தை வீடு மட்டும்தான், அதிலும் அப்போது ஆளில்லை. அவசரத்தில் அப்பா பக்கம் மாற்றி வெட்டிவிட்டார் என்று அத்தையிடமே சொன்னேன்.

அத்தை சட்டியை எடுத்து வந்தாள். அதில் மிச்சமிருந்த பெரிய மீன் துண்டை அப்பாவின் தட்டில் வைத்தாள். தப்புப் பண்ணியவருக்கு எதற்கு மீன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.