மாய நகரத்துக்குத் திறந்து வைத்த ஜன்னல்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு நாவல் எழுதினார். கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை போதாதாம், எழுத்தாளராகவும் ஆகணுமாம். கதை இதுதான்: உலகப்போர் முடிந்து ஊர் திரும்பும் ஒரு சிப்பாய், சோலைக்காட்டு மூடுபனியில் வழி தப்பி, மறைந்து கிடக்கும் ஒரு மாய நகரத்துக்குள் போய்விடுகிறான். அங்கே விளக்கில்லாமலே வெளிச்சம், அடுப்பில்லாமலே சோறு. பாத்திரம் யார் கழுவுவார்கள் என்று கேட்டேன். "உனக்குக் கற்பனையே கெடையாது புள்ள" என்றார். இல்லாமலே இருந்துட்டுப் போகட்டும்.

மத்தியானம் பனி இறங்கினால் எங்கள் தெருவில் எல்லாரும் ஜன்னலை வெரசா சாத்துவார்கள். இந்த மகான் மட்டும் விரியத் திறந்து வைப்பார். பனி உள்ளே வந்தால்தான் அந்த நகரம் அவர் கண்ணுக்குத் தெரியுமாம்! போர்வை, துணி, உப்பு எல்லாம் நமுத்துப்போகும். எங்கள் மகளுக்கோ இளைப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஈரம் ஆகாது, பிள்ளையைக் கீழே கொண்டு போங்க என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மலையடிவாரத்தில், கன்னிவாடியில், என் அக்கா வீடு இருந்தது. "அங்கிட்டே ஒரு வேலை பாத்துக்கலாங்க" என்று கெஞ்சினேன். "பனியில்லாத ஊர்ல நான் எப்படி எழுதுறது? நாவல் முடியட்டும்" என்றார். நான் சாத்துவேன், அவர் திறப்பார். ஒரு சாயங்காலம் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அலறினேன். மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இரு புள்ள, இப்பத்தான் கோட்டைக் கதவு திறக்குது" என்கிறார். தூ! கதவாம் கதவு.

பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கொஞ்சம் தேறியதும் வெள்ளனே பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். கன்னிவாடி வெயிலில் அந்த விசில் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாக நின்றே போனது.

நாவலை முடித்த கையோடு காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். வந்ததும் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். சிப்பாய் தன் சீக்காளி மகளை மாய நகரத்துக்குத் தூக்கிப் போகிறான். கோட்டைக்குள் கால் வைத்ததும் இளைப்பு நின்றுபோய், அவள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.

படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "இப்படி ஒரு ஊரு நெசமாவே இருந்தா எப்படி இருக்கும், புள்ள?"

வாசலில் மகள் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள்.

"ஏன், இந்த ஊருக்கு நீங்க பஸ்லதான வந்தீங்க?" என்று கேட்டேன்.