வெறுந்தோணிகளுக்கும் ஒரு வரி

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொன்னதையே திரும்பவும் சொல்வேன், சிலது மறந்தும் போய்விட்டது. மீன் கணக்குக் கொப்பி எப்படி எழுதப்பட்டது என்று என் கையாலேயே எழுதித் தரும்படி மிஸ் கேட்டார். அறிக்கையோடு சேர்த்து வைக்கப் போகிறாராம். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மிஸ் என்று நான் சொல்வது கம்பஸில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் பேராசிரியை. தன்னாமுனையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு பேச்சும் சும்மா பேச முடியாது. ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "எந்த நாளும் கறண்ட் போகுது மிஸ்" என்றேன்.

"எந்த நாளும் எண்டா எத்தின நாள், அக்கா?"

அவர் குசினிக் கதவில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். கறண்ட் போன நாள், போன நேரம், வந்த நேரம் எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தது. ஊர்ப் பெண்கள் அவருக்கு 'எத்தின மிஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தபோதும் அவர் கோபிக்கவில்லை. "எத்தின பேர் அப்பிடிச் சொல்றாங்க?" என்றுதான் கேட்டார்.

எங்கள் துறையில் தோணிக்காரர் கொஞ்சக் காலமாக ஒரே முறைப்பாடு. சின்னக்கண் வலை போடுகிறவர்கள் குஞ்சையும் வாரிக்கொண்டு போவதால் ஆற்றில் மீன் இல்லை, அந்த வலையை நிறுத்த வேண்டும் என்றார்கள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மீன் குறைந்ததற்கு என்ன ஆதாரம் என்று மீன்பிடித் திணைக்களத்தில் கேட்டுவிட்டார்கள். ஆதாரம் எடுத்துத் தருகிறேன் என்று மிஸ் பொறுப்பெடுத்தார். துறையில் விடியற்காலையிலிருந்து இறால் கோது உரிக்கிறவள் நான். என்னிடம் ஒரு தராசும் ஒரு நீலக் கொப்பியும் தந்தார்.

"வாற தோணி எல்லாத்தையும் எழுதுங்க அக்கா. எத்தின கிலோ எண்டு மட்டும் போதும்."

ஒரு வருசம் ஒழுங்காக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குக் கோயிலுக்குப் போகிறபடியால் தோணி இல்லை, மற்ற நாள் எல்லாம் எழுதினேன்.

இங்கே எங்கள் துறை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவன் வெறுந்தோணியோடு வந்தால் பெண்கள் யாரும் அவனை நிமிர்ந்து பார்க்க மாட்டோம். "என்ன பட்டது?" என்று கேட்க மாட்டோம். கேட்டால் அடுத்த நாளும் அப்படித்தான் வருவான் என்பது நம்பிக்கை. அதோடு, அவன் முகத்தையும் பார்க்க வேண்டுமே. அதனால் அவன் தோணியை இழுத்துக் கட்டிவிட்டுப் போகும்வரை குனிந்து இறாலை உரித்துக்கொண்டிருப்போம். நானும் அப்படியே இருந்தேன். பார்க்காத தோணியை எப்படி எழுதுவது? மீன் வந்தால் எழுத வேண்டும், வராவிட்டால் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வருசம் முடிந்து மிஸ் கணக்குப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் கணினியில் ஒரு கோட்டைக் காட்டினார். அது மேலே ஏறிக்கொண்டு போனது.

"தோணி ஒண்டுக்குப் பட்ட மீன் குறையல்ல அக்கா. கூடியிரிக்கு. மனிசர் மீன் இல்ல எண்டு அழுறாங்க. கொப்பி வேற சொல்லுது. வெள்ளிக்கிழமை திணைக்களத்து ஆக்களோட நடக்கிற கூட்டத்தில நான் கொப்பி சொல்றதத்தான் சொல்லோணும்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் நம்ப முடியவில்லை. அந்த வருசம்போல் வெறுந்தோணி வந்த வருசத்தை நான் கண்டதில்லை. பழைய கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒரு பிரித்தல் கணக்குப் போட்டேன். பத்துத் தோணி போகிறது. மூன்றில்தான் மீன். மூன்றிலும் சேர்த்து ஒன்பது கிலோ. கொப்பியில் இருப்பது மூன்று தோணி, மிஸ் மூன்றால் பிரித்திருப்பார், ஒரு தோணிக்கு மூன்று கிலோ. பத்தால் பிரித்தால் ஒரு கிலோவும் இல்லை. முன்பு அரைக்கிலோ, ஒரு கிலோ பட்டவர்கள் வெறுந்தோணியாகிக் கொப்பியை விட்டுப் போக, நிறையப் பட்டவர்கள் மட்டும் அதில் மிஞ்சினார்கள். மீன் படாதவர்கள் கூடக்கூட கோடு மேலே ஏறியிருக்கிறது. ஏற்றிவிட்டவள் நான்.

மிஸ்ஸைத் தேடி அடுத்த நாள் காலையில் போனபோது அவர் கம்பஸுக்குப் போய்விட்டார். அன்று வியாழன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவர் மீன் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் பொய்க்காரராகிவிடுவார்கள், சின்னக்கண் வலையும் நிற்காது. பஸ் ஏறினேன். அந்த வாசலைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. கேட்டுக் கேட்டு ஒரு வகுப்புக் கதவடிக்குப் போய்ச் சேர்ந்தேன். மிஸ் பலகையில் எழுதிக்கொண்டு நின்றார். சேலையில் மீன் மணக்குமே என்று சுவரோடு ஒதுங்கினேன். அதற்குள் படிக்கிற பெட்டை ஒருத்தி கண்டுவிட்டாள்.

"மிஸ், உங்கட அம்மா வந்திரிக்கா!"

வகுப்பே சிரித்தது. மிஸ் சோக்கோடு வெளியே வந்தார். நான் கணக்குப் போட்ட கலண்டர்த் தாளை நீட்டினேன். அவர் பார்த்தார்.

"வெறுந்தோணிய நீங்க எழுதல்லையா அக்கா?"

"இல்ல மிஸ். அதப் பாக்கிறயே இல்ல. எங்கட வழக்கம்."

அவர் அப்படியே வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சொன்னார்: "பிழை உங்களிட்ட இல்ல. எழுதாத தோணி எத்தின எண்டு நான்தான் கேட்டிருக்கோணும். ஊரெல்லாம் எத்தின எத்தின எண்டு கேட்ட நான், அத மட்டும் கேக்கல்ல."

அவரோடு படிப்பிக்கிற வாத்தியார் சேர் ஒருவர் விசயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கென்ன மிஸ், ஒரு மதிப்பப் போட்டு நிரப்பிவிடலாமே. ஒரு வருச வேலை வீணாப் போகுமே" என்றார்.

"ஆரும் பாக்காத தோணிய நான் எப்பிடி சேர் நிரப்புற?" என்றார் மிஸ்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவர் எழும்பி, "என்ர கணக்குப் பிழை, இன்னும் ஒரு வருசம் தாங்க" என்றார். எங்கள் சங்கத் தலைவர் துள்ளினார். "ஒரு வருசமா? அதுக்குள்ள ஆத்துல தண்ணிதான் மிஞ்சும்!" என்று சத்தம் போட்டார். மிஸ் அசையவில்லை. பின்வரிசை வாங்கில் இருந்த நானும் அன்றே முடிவெடுத்தேன். இனி நிமிர்ந்து பார்ப்பது.

இரண்டாவது கொப்பி சிவப்பு. தோணி வரும்போது எழுதினால் மனம் தடுக்கும் என்று, விடிய முன் அவை போகும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டேன். திரும்பி வந்ததும் கிலோவைப் போடுவேன். மீன் இல்லையென்றால் சைபர். வரி வெறுமையாக இருக்க விடவில்லை.

முதல் சைபர் என் சொந்தத் தம்பிக்குத்தான் விழுந்தது. தோணியைக் கட்டிவிட்டு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தான்.

"என்ன கா, முட்டை போட்டிரிக்காய்? கூடப் பிறந்தவனுக்கே முட்டையா?"

"பட்டாத்தானே வேற போடலாம்."

"நாளைக்கும் வெறுந்தோணி எண்டா உன்ர வாய்தான் கா காரணம்."

அடுத்த நாளும் வெறுந்தோணிதான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சிலர் என்னைக் கண்டு தோணியை அங்கால் தள்ளிக் கட்டினார்கள். அங்கேயும் நடந்துபோய்ப் பார்த்தேன். கண்ணால் பார்த்து எழுதிவிட்டுத் திரும்புவேன். பிறகு மிஸ்ஸே ஒரு நாள் துறைக்கு வந்து கலண்டர்த் தாள் கணக்கை மணலில் கீறி விளங்கப்படுத்தினார். தம்பியும் வந்து பார்த்தான். அடுத்த கிழமை தோணி கரை தட்ட முன்னரே அவன் குரல் வந்தது:

"அக்கா, முட்டை! வடிவா எழுது, விட்டிராத!"

இரண்டாவது வருசமும் முடிந்து, இப்போது கோடு கீழேதான் போகிறது. அதை வரும் கூட்டத்தில் மிஸ் காட்டப் போகிறார். இந்த முறை யாரும் பிழை பிடிக்கக் கூடாது.

அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் என் மச்சாள்தான் கொப்பி எழுதினாள். எல்லாத் தோணியையும் எழுதினேன் என்கிறாள். போகும்போதே வரி போட்டாளா, வந்த பிறகுதான் எழுதினாளா தெரியாது. ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு சைபரும் இல்லை. அவளும் குனிந்துகொண்டு இருந்து பழகியவள்தான். நான் கேட்டால் கோபிப்பாள். இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவளிடமும் அந்த நாள் தோணி போனவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். நான் எழுதியதில் கிழமையோ எண்ணிக்கையோ பிழைத்திருந்தாலும் கொப்பியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். சரியாகத் தெரியாவிட்டால் அந்த இரண்டு நாளையும் வெட்டிவிடும்படி மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.