எதிர் வீட்டுக் கதவு

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பார்ப்பதில் அமலராணியை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமானதிலிருந்து நாகல் நகர், பேகம்பூர் என்று மாறி மாறிக் குடியிருந்தவள். எந்த வீட்டையும் வீட்டுக்காரரிடம் விசாரித்ததில்லை. அவரிடம் கேட்டால் காவிரியே தன் குழாயில்தான் வந்து விழுகிறது என்பார். இவள் நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "யக்கா, தண்ணி எப்டி?" என்பாள். எலித்தொல்லை, வீட்டுக்காரர் குணம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே வந்துவிடும்.

அந்தச் சாமர்த்தியத்தை மஸ்கட் வரைக்கும் நீட்டியதுதான் வினை.

அவள் புருஷன் பாஸ்கலுக்கு அங்கே ஏசி மெக்கானிக் வேலை. நாலைந்து பேரோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தவன், இப்போதுதான் அவளையும் மகளையும் கூட்டிக்கொள்ளப் போகிறான். வீடு அமைந்தால்தான் விசாவுக்கே எழுத முடியும். கடைவீதிப் பக்கமும் மாதா கோயில் பக்கமும் வாடகை அவன் சம்பளத்துக்கு எட்டவில்லை. தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு வீடு கைக்கு அடக்கமாகக் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் சரி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீடியோ காலில் அடுப்படி, குளியலறை எல்லாம் காட்டினான். அமலராணி தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். நாள் கணக்காகக் காக்க வைத்து அன்றைக்குத்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

"குழாயத் தெறந்து காட்டிட்டேன்ல? அப்புறம் என்ன?"

"இப்ப வருது. எப்பவும் வருமா? எதிர் வீட்டு அக்காகிட்ட போனக் குடுங்க."

"ராணி, இங்க அப்டியெல்லாம் போய்த் தட்டக் கூடாது."

"நல்லாருக்கே! அப்ப நீங்களே குடியிருங்க."

பாஸ்கல் தட்டினான். கதவைத் திறந்த பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். அவள் அலறினாள். உள்ளிருந்து அவள் புருஷன் மலையாளத்தில் சீறிக்கொண்டு வந்தான். திரை ஆடியது, கூரை தெரிந்தது, பிறகு இருட்டு. 'போலீஸ்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

தனியாக வந்த ஆம்பளை, வீட்டிலிருந்த பொம்பளையைப் படம் பிடித்தான் என்று ஒரு புகார் போனால் போதும். வேலை போச்சு, விசா போச்சு. ஆளை உள்ளே வைத்தாலும் கேட்க நாதியில்லை. பாவி, நானே அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேனே என்று அமலராணி பதறினாள். குடம் நிறைந்து தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. வரிசையில் நின்றவர்கள் திட்டியது அவள் காதில் ஏறவில்லை.

"யக்கா!" என்று போனுக்குள் கத்தினாள். "நான் அவரு சம்சாரம்க்கா! திண்டுக்கல்லுல இருந்து பேசுறேன்! நாந்தேன் தட்டச் சொன்னேன்! தண்ணி வருமான்னு கேக்கத்தேன்க்கா, வேற ஒன்னுமில்ல!"

போனை எடுத்த அந்தப் பெண்ணின் முகம் திரையில் வந்தது. தமிழிலேயே கேட்டாள்.

"எந்த ஊர்?"

"திண்டுக்கல்லுக்கா."

"எங்க பாலக்காட்டுக்கு அங்கேர்ந்து ரயில் வருமே, பழனி வழியா?"

"ஆமாக்கா, ஆமா!"

அவள் திரும்பிப் புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் குரல் தணிந்தது.

"தண்ணி நாள் பூரா வரும். ஆளுதான் யாரும் வரமாட்டாங்க. இந்தக் கதவ ஒருத்தர் தட்டி எத்தன மாசமாச்சு தெரியுமா?"

"அப்ப வீட்ட எடுக்கச் சொல்லட்டாக்கா?"

"நீ எப்போ வர்றே? அதச் சொல்லு."

வாசலில் பாஸ்கல் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பெண் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துப்போய்த் தன் அடுப்படியை அமலராணிக்குக் காட்டத் தொடங்கியிருந்தாள்.